கடை திறக்கவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

(நாக்பூரில் நடைபெற்ற நமது காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை. மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



போன கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாமா, பாங்கில் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதோடு பழகியவர் நீங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டோர் திறக்கவில்லை, என்ன செய்வது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அரைமணி நேரம் பேசுங்களேன்" என்றார். நான் சரி என்று சொன்னேன். ஆனால் அந்த விஷயத்தில் எனக்கு ஞானம் அதிகம் என்பதால் சொல்லவில்லை. அதே ஸ்டோர் திறக்காததால் நான் 19,500 ரூபாயைத் தொலைத்தவன். 36 வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், வீட்டில் உட்கார்ந்து தொலைத்தேன். அதைச் சொல்லாமல் கம்ப்யூட்டர் பாடம் மட்டும் நடத்திவிட்டுப் போனால் அது முழு உண்மையாகாது.

முதலில் இந்த ஸ்டோர் என்பது என்ன என்று இரண்டு வார்த்தை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கீழே வரிசையாக இருக்கும் சின்னங்களில் ஒரு கைப்பை போன்ற சின்னம் இருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது விண்டோஸ் ஸ்டோர் என்ற பெயரில் வந்தது. 2017-ல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் என்று பெயர் மாறியது. போனில் பிளே ஸ்டோர் எப்படியோ, கம்ப்யூட்டருக்கு இது அப்படி. வேண்டிய ஆப்களை இங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோடு கூடவே வருவது. தனியாக வாங்க வேண்டியதில்லை.

எங்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். என் சகதர்மிணிக்கு இரண்டு கண்ணிலும் காடராக்ட் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவளுடைய அக்கா பாலக்காடு கல்பாத்தியில் இருக்கிறாள், வயது 84. இருவரும் தினம் சாயங்காலம் போனில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். "அக்கா முகம் கட்டை விரல் அளவுதான் தெரியறது. கம்ப்யூட்டர்ல பெரிசா தெரியுமாமே?" என்றாள். பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். அவனிடம் இரண்டு மாதம் இருந்துவிட்டு வரும்போது ஒரு காமிராவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினான். வந்து சேர்ந்த மறுநாள், வாட்ஸ்அப்பை இறக்கலாம் என்று ஸ்டோரைத் திறந்தேன்.

ஜன்னல் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தைத் திறக்க முடியவில்லை, மறுபடி முயற்சி செய்யவும் என்று ஒரு செய்தியும், அதன் கீழே நீளமாக ஒரு எண்ணும் வந்தது. மூடித் திறந்தேன், அதே கதை. நாலு தடவை ஆயிற்று. அதற்குள் அங்கே கல்பாத்தியில் மன்னி நேரம் பார்த்துக் காத்திருப்பாள் என்று இவள் அவசரப்படுத்தினாள்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். கையில் இருந்த போனில், ஸ்டோர் திறக்கவில்லை, ஹெல்ப்லைன் எண் என்று தேடினேன். மேலேயே ஒரு எண் வந்தது. அது விளம்பரமா, யார் போட்டது என்று பார்க்கத் தோன்றவில்லை. கூப்பிட்டேன். ஒரு பையன் மிக மரியாதையாகப் பேசினான். கம்பெனியின் சர்வீஸ் பிரிவு என்றான். நான் அந்த எர்ரர் எண்ணைப் படித்ததும், "ஆமாம் சார், உங்கள் ஸ்டோர் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 10 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் திறந்துவிடும்" என்றான். போனில் ஒரு ஆப் இறக்கச் சொன்னான். என் போன் திரையை அவன் அங்கிருந்தே பார்க்கும் ஆப் அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் அனுப்பிய பாரத்தில் டெபிட் கார்டு விவரங்களை நிரப்பினேன். ஓ.டி.பி. வந்தது. நான் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்தேன். அதே செய்தியில் 19,500 என்று தொகையும் எழுதியிருந்தது. அதைப் படிக்கவில்லை. பணம் போய்விட்டது.

"சார், சிஸ்டத்தில் தவறு ஆகிவிட்டது, உடனே திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கள்" என்றான். நானும் காத்துக்கொண்டிருந்தேன்! அந்தச் சமயம் இவள் அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு எதுக்கு பாங்க் கார்டு?" என்று கேட்டாள்.

ஒரே கேள்விதான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் கேட்டாள், வங்கி அதிகாரியாக ரிடையர் ஆனவன் கேட்டுக்கொள்ளவில்லை. உடனே போனை அணைத்தேன். பக்கத்து வீட்டு போனிலிருந்து பாங்குக்குச் சொல்லி கார்டை நிறுத்தினேன். அடுத்து 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம். தயவு செய்து இன்றே வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண் கொடுத்தார்கள். பணம் இன்று வரை வரவில்லை.

வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் பிள்ளையிடம் சொல்லவில்லை. இவளையும் சொல்லக் கூடாது என்று கட்டுப்படுத்தினேன். வயதாகிவிட்டது, இனி அப்பாவிடம் கணக்கு வழக்கை விடக் கூடாது என்று நினைத்துவிடுவானோ என்று பயம். நம் வயதில் பணம் போவதை விட அந்தப் பயம்தான் பெரிது. எட்டாம் நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, கம்ப்யூட்டரைப் போடுங்கோ. கீழே வலது கைப்பக்கம் மூலையில என்ன தேதி காட்டறது?" என்று கேட்டான்.

பார்த்தேன். 2019 ஜனவரி 1 என்று இருந்தது.

பாங்கில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். காலையில் போனதும் முதல் வேலை என்ன? தேதி முத்திரையை மாற்றுவது. அதை மாற்றாமல் ஒரு செக்கை வாங்கிவிட்டால் அன்று முழுவதும் தொல்லை. அப்படி வருஷக்கணக்கில் செய்தவன், இங்கே ஏழு வருஷம் பழைய தேதியை வைத்துக்கொண்டு, கடை திறக்கவில்லை என்று கடைக்காரனைத் தேடிப் போனேன்.

தேதிக்கும் ஸ்டோருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பிள்ளை சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் ஸ்டோரைத் தொடர்புகொள்ளும்போது, "நீ உண்மையான ஸ்டோர்தானா?" என்று முதலில் கேட்கிறது. அந்தப் பக்கம் ஒரு சான்றிதழைக் காட்டுகிறார்கள். அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். இப்போதெல்லாம் அந்தச் சான்றிதழ்களின் ஆயுள் குறைவுதான். நம் கம்ப்யூட்டர் அதைத் தன்னிடமிருக்கும் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதன் கணக்கில் இன்று 2019. சான்றிதழோ அதற்குப் பல வருஷம் பின்னால் கொடுக்கப்பட்டது. அதாவது பின் தேதியிட்ட செக். நல்ல செக்தான், கணக்கிலும் பணம் இருக்கிறது. ஆனால் கவுண்டர் முத்திரையில் தேதி தப்பு. அதனால் குமாஸ்தா வாங்க மறுக்கிறார். ஸ்டோரில் ஒரு குறையும் இல்லை. குறை நம் வீட்டுக் கடிகாரத்தில்.

நான் காகிதத்தில் எழுதி வைத்திருந்த எர்ரர் எண்ணைப் பிள்ளையிடம் படித்தேன். சைபர், எக்ஸ், 80072, எஃப், 8, எஃப் என்று முடிந்தது. பெரும்பாலும் தேதி, நேரம் தப்பாக இருந்து, பாதுகாப்பான இணைப்பு கிடைக்காதபோது வருவது அது என்றான். வியாதியின் பெயரே கையில் இருந்திருக்கிறது. நான் அதை அந்த மோசடிப் பேர்வழியிடம் படித்துக் காட்டியிருக்கிறேன்.

கடிகாரம் ஏன் பின்னால் போனது? எங்கள் ஆத்தில் ஊருக்குப் போகும்போது எல்லாவற்றுக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது வழக்கம். மின்சாரம் இல்லாதபோதும் கம்ப்யூட்டர் நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. ரூபாய் நாணயம் போல வட்டமாக, 3 வோல்ட். பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் அதன் எண் சி.ஆர். 2032. அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தியதும் கடிகாரம் பிறந்த தேதிக்குத் திரும்பிவிடும். எங்களுடையது 2019-ல் வாங்கியது.

இனி, உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்டோர் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசை முக்கியம். கெடுதல் இல்லாததை முதலில், கொஞ்சம் ஆபத்தானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வைத்தியரும் முதலில் கஷாயம்தான் கொடுப்பார்.

ஒன்று. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. இப்போதுள்ள விண்டோஸில் சீக்கிரம் திறப்பதற்காக, ஷட் டவுன் செய்தாலும் சில விஷயங்களை அப்படியே வைத்திருக்கும். ரீஸ்டார்ட் என்று கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டு. வலது கீழ் மூலையில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். வருஷத்தையும் பாருங்கள். தப்பாக இருந்தால் செட்டிங்ஸ், அதில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டேட் அண்ட் டைம். தானாக நேரத்தை வைத்துக்கொள்ளும்படி அங்கே ஒரு சுவிட்ச் உண்டு. வித்தியாசம் சில நிமிஷம் என்றால், சிங்க் நவ் என்ற பொத்தானை அழுத்தினாலே சரியாகிவிடும். பல வருஷ வித்தியாசம் என்றால் அது தானாகத் திருத்திக்கொள்ளத் தயங்கும். அப்போது அந்தச் சுவிட்சை அணைத்து, நாமே சரியான தேதி, நேரத்தைக் கொடுத்து, பிறகு மறுபடி சுவிட்சைப் போட்டு, சிங்க் நவ் கொடுக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் சரியாயிற்று.

அதே பக்கத்தில் டைம் ஜோன் என்று ஒன்று இருக்கிறது. சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்று நாலு ஊர் பெயர் போட்டு, ஐந்தரை மணி முன்னால் என்று இருக்கும். அதுதான் நமக்கு. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த லாப்டாப்பில் அந்த ஊர் ஜோன் இருக்கும். அதை மாற்றாமல் முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பினால், பார்க்கச் சரியாக இருக்கும், உள்கணக்கில் பல மணி நேரம் தப்பாக இருக்கும். முதலில் ஜோன், பிறகு நேரம்.

மூன்று. இன்டர்நெட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வேறு ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கடிகாரம் தப்பாக இருந்தால் அங்கேயும் பக்கம் திறக்காமல், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்றே சில சமயம் எழுதிக் காட்டும். ஆபீஸ் வேலைக்காகப் பிள்ளைகள் வி.பி.என். போட்டு வைத்திருந்தால், அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நான்கு. ஸ்டோர் தன் உபயோகத்துக்குத் தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் சரக்கு கெட்டுப்போயிருக்கலாம். அதைக் காலி செய்ய, விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பெட்டி வரும். அதில் டபிள்யூ, எஸ், ஆர், ஈ, எஸ், ஈ, டி என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். கறுப்பாக ஒரு காலி ஜன்னல் வரும். பயப்பட வேண்டாம், மூடவும் வேண்டாம். அதுவாக மூடிக்கொண்டு ஸ்டோரைத் திறந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே இறக்கிய ஆப்கள் எதுவும் இதனால் போகாது.

ஐந்து. அதற்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ், அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் என்ற வரிக்கு எதிரே மூன்று புள்ளி. அதைத் தொட்டால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். விண்டோஸ் 11-ல் அந்த வரி அங்கே காணாவிட்டால், சிஸ்டம் பகுதியில் சிஸ்டம் கம்போனென்ட்ஸ் என்ற இடத்தில் தேடுங்கள். ரிப்பேர், ரீசெட் என்று இரண்டு பொத்தான் இருக்கும். முதலில் ரிப்பேர். அதில் எதுவும் அழியாது. பிறகுதான் ரீசெட். அது ஸ்டோர் சேர்த்து வைத்திருக்கும் விவரங்களை அழித்துவிடும். மறுபடி உங்கள் கணக்கில் நுழைய வேண்டியிருக்கும். ஆகவே பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அதில் கை வையுங்கள்.

ஆறு. விண்டோஸ் அப்டேட் பாக்கி இருந்தால் முடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பாங்கு வேலைகளை அதில் செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டு மேலே என்ன செய்யலாம் என்று முடிவு செய்யுங்கள்.

இதற்கு மேல் கறுப்புத் திரையில் நீளமாகக் கட்டளை அடிக்கும் வழிகளும் உண்டு. அதைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும். எங்கேயோ படித்ததைப் பார்த்து அடிக்காதீர்கள். அதே மாதிரி, ஸ்டோரையே இறக்கித் தருகிறோம் என்று சொல்லும் தெரியாத இடங்களுக்கும் போகாதீர்கள்.

இந்த வரிசை முழுவதிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? எந்த இடத்திலும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. ஸ்டோரைத் திறப்பதற்குக் கட்டணம் என்று ஒன்றே கிடையாது. மைக்ரோசாஃப்ட் காட்டும் எர்ரர் செய்திகளில் போன் நம்பர் இருக்காது என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. ஆகவே திரையில் நம்பரோடு எச்சரிக்கை வந்தால் அது பொய். உதவி வேண்டுமென்றால் கெட் ஹெல்ப் என்ற ஆப் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது.

பாங்குக்காரன் என்ற முறையில் இன்னும் ஒன்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, ஓ.டி.பி. போன்றவற்றை நாமே கொடுத்து ஏமாந்தால், பாங்கில் புகார் செய்யும் வரை போன பணம் நம் நஷ்டம் என்று அப்போது வகுத்தார்கள். புகாருக்குப் பிறகு போனால் அது பாங்கின் பொறுப்பு. இந்த விதி எனக்கு மனப்பாடம். ஆனாலும் அன்று கை நடுங்கியது. ஆகவே, ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நிமிஷக் கணக்குதான். முதலில் பாங்கு, உடனே 1930. வெட்கத்தைச் சாவகாசமாகப் படலாம்.

கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். தேதியைத் திருத்தியதும் ஸ்டோர் திறந்துவிட்டது. ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. ஆனால் இரவு வழக்கம் போல் மெயின் சுவிட்சை அணைத்தேன். மறுநாள் காலை பழையபடி 2019! அப்போதுதான் பேட்டரிதான் காரணம் என்று உறுதியாயிற்று. கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் சீதாபர்டிக்குப் போனேன். கடைப் பையன் பிளக்கை எல்லாம் கழற்றி, பக்கத்துத் தகட்டைத் திறந்து, நகத்தால் நெம்பி பழைய பேட்டரியை எடுத்துப் புதியதைப் போட்டு, தேதியையும் வைத்துக் கொடுத்தான். பேட்டரிக்கு 50 ரூபாய். கூலி வேண்டாம் என்றான். வற்புறுத்திக் கொடுத்தேன். லாப்டாப் வைத்திருப்பவர்கள் தாங்களாகத் திறக்க வேண்டாம். அதன் அமைப்பு வேறு, கடையில்தான் கொடுக்க வேண்டும்.

50 ரூபாய் பேட்டரிக்கு நான் 19,500 ரூபாய் தண்டம் கட்டியிருக்கிறேன். பிள்ளையை அன்றே கேட்டிருந்தால் அதுவும் மிச்சம். அவன் ஆபீஸில் இருப்பான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவனைத் தொந்தரவு செய்யத் தயங்கவில்லை. பிள்ளையோ, மருமகளோ, பேத்தியோ, பக்கத்து வீட்டுப் பையனோ, இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நம் இளைஞர்களோ, முகம் தெரிந்த ஒருவரை முதலில் கேளுங்கள். அவர்கள் வரும் வரை காத்திருங்கள். ஸ்டோர் இன்று திறக்காவிட்டால் நாளைக்குத் திறக்கும், அதில் உயிர் போகும் அவசரம் எதுவும் இல்லை. பின் வரிசைக் குழந்தைகளே, உங்களுக்கும் ஒன்று. தாத்தா பாட்டி கேட்டால், "இது கூடத் தெரியாதா?" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் எங்களில் பலர் வெளியாளைக் கூப்பிடுகிறோம்.

அன்று சாயங்காலம் என் சகதர்மிணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கல்பாத்தியிலிருந்து மன்னியின் முகம் பெரிதாக, தெளிவாக வந்தது. இவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அக்கா, உன் வைரத்தோடு எங்கே? ஏன் மூளியா இருக்காய்?" என்று கேட்டாள். ஆறு மாதமாகத் தினம் பேசுகிறார்கள், சின்னத் திரையில் அது தெரியவில்லை. அக்காவுக்குக் காதுத் துளை தளர்ந்து, தோட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாளாம். அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இருந்தது.

 வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக அந்த வலது மூலையைப் பார்த்துவிடுங்கள்.